முதல் பால்

டீயில் சர்க்கரை போடவில்லை, பயப்படாமல் குடிக்கலாம். பாலும் நீங்கள் சொல்கிற அந்த ஆடை நீக்கிய பால்தான். இந்த வீட்டில் இப்போது எல்லாமே நீங்கள் சொன்ன முறைப்படி நடக்கிறது, நிமிஷா மோளே. கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான்.

படியேறும்போதே வேலையை விடப் போவதாகச் சொன்னீர்கள். உங்கள் கலோரிக் கணக்கை நம்பி ஒரு மனிதன் செத்துப்போனான், இனி யாருக்கும் உணவு எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றீர்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. படித்த பெண், சின்ன வயசு, யாருக்கோ போக வேண்டிய பழியைத் தலையில் சுமந்துகொண்டு ஏன் திரிய வேண்டும்? ரோசிலி உள்ளே தூங்குகிறாள். மாத்திரை போட்டிருக்கிறாள், எழுந்திருக்க நேரமாகும். அதற்குள் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணக்கில் பிழை இல்லை. நாளைக்கு ஆயிரத்து நானூறு கலோரி, வாரத்துக்கு அரைக் கிலோ. ரோசிலியின் உயரத்துக்கும் வயசுக்கும் அது சரியான அளவுதான்.

தொம்மிச்சனை எனக்குப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தப்பாக நினைப்பீர்கள். மனைவியின் தம்பி என்றால் சிலருக்கு வேப்பங்காய். எனக்கு அப்படியில்லை. தாய் செத்தபோது அவனுக்கு நாலு வயசு, ரோசிலிக்குப் பதினாலு. இடுப்பில் தூக்கி வளர்த்தவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று ஊரார் சொல்வார்கள், ரோசிலி ஒருநாளும் சொன்னதில்லை. பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை வைத்து, கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பனான பிறகும் அவன் வந்து உட்கார்ந்தால் மீன் தலை அவன் தட்டுக்குத்தான் போகும். நான் வால் பக்கம் தின்றே பழகிவிட்டேன். அதிலெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை.

அவன் குடிக்க மாட்டான். கல்லீரல் கெட்டது என்றதும் ஊர் வாய் குடியைத்தான் சொல்லிற்று. கொச்சி ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன அறை உங்களுக்குத் தெரியுமே. பெரிய டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, மாற்று வைத்தால்தான் பிழைப்பான், உயிரோடிருக்கிற ஒருவர் பாதியைக் கொடுத்தால் போதும், இரண்டு பேருக்கும் வளர்ந்துவிடும் என்றார். யாருக்கு என்ன ரத்தம் என்று கேட்டார்கள். தொம்மிச்சனுக்கு ஓ. ஓ மட்டும்தான் சேரும். அவன் பெண்டாட்டி லிசம்மா ஏ. நான் பி என்றேன். ரோசிலி எழுந்து நின்று, "நான் ஓ தான். என்கிட்டருந்து எடுத்துக்கோங்க" என்றாள், கடையில் பை நீட்டுகிற மாதிரி. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு ஸ்கேன். அவள் ஈரலில் கொழுப்பு. ஆறு கிலோ குறைந்தால் கொழுப்பு இறங்கும், இறங்கினால் எடுக்கலாம் என்றார்கள். எண்பத்தொன்றிலிருந்து எழுபத்தைந்து. அங்கேதான் நீங்கள் வந்தீர்கள். ரோசிலி அன்றிலிருந்தே பச்சைத் தண்ணீர் மட்டும் குடிப்பேன் என்று நின்றாள். நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது.

"பட்டினி கிடந்தா ஈரல்ல கொழுப்பு கூடத்தான் செய்யும் சேச்சி. நடக்கக்கூடிய எண்ணைத்தான் வச்சுக்கணும். ஆயிரத்து நானூறு. அதுக்கு மேலயும் வேண்டாம், கீழயும் வேண்டாம்."

"பன்னண்டு வாரமா? அவன் தாங்குவானா மோளே?"

"தாங்குவாருன்னுதான் டாக்டர் சொல்றாரு. நீங்க அவசரப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கிட்டா அவருக்குக் குடுக்க ஆளே இல்லாமப் போயிரும்."

எங்கள் வீட்டில் சமையல் நான். ரோசிலி டீச்சர், காலையில் போனால் மாலையில்தான் வருவாள். எனக்கு ரப்பர் வெட்டும் பாலெடுப்பும் முற்பகலோடு முடிந்துவிடும். மழை பிடித்துவிட்டால் வெட்டும் கிடையாது, நாள் முழுக்க அடுக்களைதான். அதனால் நீங்கள் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏறுகிறவை எவையெவை என்று. ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் நாற்பத்தைந்து. இறக்கி வைத்த பிறகு மேலே ஊற்றுகிற பச்சைத் தேங்காயெண்ணெயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மோரில் அரைத்து விடுகிற முந்திரி. எல்லாவற்றையும்விடத் தேங்காய்ப் பால். "மூணாம் பால்ல மீன் குழம்பு வைங்க சேட்டா. முதல் பாலைத் தொடவே தொடாதீங்க, அது கொழுப்பேதான்" என்றீர்கள். என் மெலிந்த கையைப் பார்த்து, "இந்த உடம்புக்கு நான் கூட்டித்தான் எழுதிக் குடுக்கணும்" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

முதல் இரண்டு வாரம் ஒரு துளி பிசகாமல் செய்தேன். நம்ப வேண்டும். சோற்றை நிறுத்துப் போட்டேன், கரண்டியால் அளந்து எண்ணெய் விட்டேன். சரியாக ஒரு கிலோ இறங்கிற்று. ரோசிலி எடைக் கருவியில் நின்றபடியே தம்பியைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல்:

"சேச்சி, உன் ஈரல் வந்தா நானும் டீச்சராயிருவேனா? கண்ணாடி போட்டுட்டு எல்லாரையும் அடிக்கலாமா?"

"உன்னைத்தான்டா முதல்ல அடிப்பேன்."

"அளியன் இருக்காரா பக்கத்துல? அளியா, சேச்சியைப் பத்திரமாப் பாத்துக்கோங்க. பாதி என்னோடது."

அக்கா புருஷனிடம் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சொல் என்னிடம் தங்கிவிட்டது.

அந்த வாரம்தான் பெரிய டாக்டர் கூப்பிட்டு அறுவையை விளக்கினார். தன் சட்டையின் மேலேயே விரலை வைத்து, இங்கிருந்து இங்கே வரைக்கும் கீறுவோம் என்று காட்டினார். ஆபத்து மிகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். கணவன் கையெழுத்து வேண்டும் என்றார். ரோசிலி நகப்பூச்சு வாங்கப் போகிறவள் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அவர் விரல் போன வழி மட்டும் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் மீன் குழம்புக்குத் தேங்காய் பிழிந்தேன். மூன்று கிண்ணம். முதல் பால் எனக்கு, மூன்றாம் பால் அவளுக்கு. இரண்டு சட்டியும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தன. கை முதல் பாலை எடுத்து அவள் சட்டியில் ஊற்றியது. நான் ஊற்றினேன் என்று சொல்வதுதான் முறை. ஊற்றினேன். சாயங்காலம் வந்து சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு ருசியா இருக்கே இச்சாயா" என்றாள். குடம்புளி புதுசு என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கொழுப்பை மறைக்கலாம். புளி தூக்கலாக இருந்தால் தேங்காய்ப் பால் தெரியாது. மேலே மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால் வழித்துவிட்டால் குழம்பு ஏழைக் குழம்பு மாதிரி இருக்கும். மோர்க்கறியில் முந்திரி அரைத்து விட்டால் தயிர் நல்ல தயிர் என்பார்கள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் பயற்றில் எண்ணெயை முன்னாலேயே ஊற்றிப் பிரட்டிவிட்டால் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்லாம் நீங்கள் கூடாது என்று சொன்னவைதான். நீங்கள் ஐந்நூறு கழித்தீர்கள், நான் ஐந்நூறு கூட்டினேன். பேராசைப்படவில்லை. எடை ஏறிவிட்டால் சந்தேகம் வரும். ஏறாமல் இறங்காமல் அப்படியே நிற்க வேண்டும், நடக்கக்கூடிய எண்ணாக இருக்க வேண்டும். அந்தப் பாடமும் உங்களிடம் படித்ததுதான்.

சனிக்கிழமை காலைகளை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கருவியில் ஏறுமுன் கம்மலைக் கழற்றுவாள், கல்யாண மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுப்பாள். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஏறுவாள். எண்பது. அடுத்த சனி எண்பது. அதற்கடுத்து எண்பதும் கொஞ்சமும். படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவாள். நீங்கள் கூப்பிடுவீர்கள்.

"சேச்சி, கோவிச்சுக்காதீங்க. ஸ்டாஃப் ரூம்ல ஏதாவது? பிறந்தநாள் கேக்கு, பழம்பொரி?"

"மாதா மேல சத்தியம் மோளே. டீகூட நிறுத்திட்டேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். "என் உடம்பே எனக்கு எதிரியாயிருச்சு இச்சாயா. நான் இதுக்குள்ள மாட்டிக்கிட்டேன், வெளிய வரத் தெரியல" என்பாள். நான் மோதிரத்தைத் திரும்பப் போட்டுவிடுவேன். இறங்கட்டும், பொறுமையாக இரு என்பேன். அவள் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. நான் நிறுத்தினால் எடை குறையும், குறைந்தால் கத்தி. நிறுத்தாவிட்டால் அவன் சாவான். அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் பத்தடி தூரம். அந்த மழைக்காலம் முழுக்க நான் அதற்குள்தான் நடந்துகொண்டிருந்தேன்.

அவள் ரப்பர்ச் சரிவில் ஏறி இறங்க ஆரம்பித்தாள், பேய்மழையில், குடையைப் பிடித்துக்கொண்டு. கணுக்காலில் அட்டைகளோடு வந்து படியில் உட்காருவாள். நான் உப்பு வைத்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன். அந்த நடைக்கும் சேர்த்து நான் கூட்ட வேண்டியதாயிற்று.

ஒருநாள் எண்ணூறு கலோரிக்கு இறக்கிவிடுகிறேன் என்றாள். நான் உங்களுக்குப் போன் போட்டேன். கூடவே கூடாது என்று நீங்கள் அவளைக் கண்டித்தீர்கள். என்னிடம், "சேட்டனைப் போல ஒருத்தர் ஒவ்வொரு வீட்லயும் இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றீர்கள். இன்னொரு ஞாயிறு, இனி தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்வதாகச் சொன்னாள். "என் கையில நம்பிக்கை போயிருச்சா?" என்று மட்டும் கேட்டேன். அவள் முகம் செத்துவிட்டது. என் தோளில் தலையை வைத்து மன்னிப்புக் கேட்டாள். நான் மன்னித்தேன்.

கர்க்கிடகம் பிறந்தது. உங்களுக்குத் தெரியாததில்லை, அந்த மாதம் மருந்துக் கஞ்சி குடிக்காத வீடு இங்கே கிடையாது. லிசம்மாவே பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தாள். "குடிங்க சேச்சி, உடம்பில உள்ள கெட்டதெல்லாம் உருக்கி எடுத்துரும். இது மருந்து, உங்க கணக்கில வராது" என்றாள். ரோசிலி உங்களிடம் அதைச் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்றல்ல, மருந்தை யாராவது சாப்பாடு என்று சொல்வார்களா? வெந்தயமும் நவரை அரிசியும் வேக வைத்து, முதல் பால் ஊற்றி, வெல்லம் போட்டு, நெய்யில் உள்ளி தாளித்துக் கொட்டுவதுதான் முறை. நான் முறை தவறவில்லை. அந்த மாதம் எனக்குக் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது, நான் ஒளித்து ஊற்ற வேண்டியது குறைந்தது. கண்ணை மூடிக்கொண்டு, சிலுவை போட்டுக் குடித்தாள். ஒரு கிலோ ஏறிற்று.

அந்த எடை தெரிந்த அன்று லிசம்மா மறுபடி வந்தாள். உள்ளே வரவில்லை. மழையில் முற்றத்திலேயே நின்றாள்.

"என் பிள்ளைங்களோட அப்பன் மஞ்சளாக் கிடக்குறாரு. சேச்சிக்கு வாயைக் கட்ட முடியல, அப்படித்தானே?"

"நான் ஒண்ணும் திங்கலடி லிசம்மா. இச்சாயனைக் கேளு."

"குடுக்க மனசில்லன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு நல்ல பேரு வாங்கிட்டு, வீட்டில உக்காந்து திங்குறீங்க."

நான் வெளியே வந்து, ரோசிலி சத்தியமாக எதுவும் தப்பாகச் சாப்பிடவில்லை என்று சொன்னேன். அது உண்மை. லிசம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள், பெண்டாட்டியால் ஏமாற்றப்பட்ட ஒருவனைப் பார்ப்பதுபோல.

தொம்மிச்சன் கடைசியாக என்னிடம்தான் பேசினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து. குரல் மெலிந்துவிட்டிருந்தது.

"அளியா, சேச்சியை யாரும் திட்ட வேண்டாம். சின்ன வயசுல எனக்குப் போட்டுட்டு அவ கஞ்சித் தண்ணியைக் குடிச்சுட்டுப் படுப்பா. எனக்குத் தெரியும், பாத்திருக்கேன். இப்ப ஏதோ மறைச்சுச் சாப்பிடுறாப்போல. சாப்பிடட்டும் அளியா. அவளுக்கு ஒரு துண்டு மீன் கூடுதலா வைங்க."

அவனும் நம்பிவிட்டான். அதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. போனை வைத்த பிறகு அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன், பொய் சொல்லவில்லை. பிறகு எழுந்து குழம்பு வைத்தேன். ஒரு துண்டு கூடுதலாக வைத்தேன். சாகப் போகிறவன் கேட்டதைத் தட்டக் கூடாது.

சிங்க மாதம் பிறந்து, ஊரில் ஓணத்துக்குப் பூ பறித்துக்கொண்டிருந்தபோது அவன் போனான். வயிற்று நீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார்கள். இறந்தவர் யாரிடமிருந்தாவது ஈரல் கிடைக்கும் என்று பதிந்து வைத்திருந்த முறையும் வரவில்லை.

நீங்கள் அடக்கத்துக்கு வந்திருந்தீர்கள், பின்னால் நின்றீர்கள், அதனால் முன்னால் நடந்தது தெரிந்திருக்காது. முகத்தை மூடுவதற்கு முன்னால் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடைசி முத்தம் கொடுப்பது எங்கள் வழக்கம். ரோசிலி போனபோது லிசம்மா பெட்டியின் மேல் கையை வைத்து மறித்துவிட்டாள். சத்தம் போடவில்லை. "தின்னே கொன்னுட்டீங்களே சேச்சி. அந்த வாயால அவரைத் தொடாதீங்க" என்றாள். பாதிரி அச்சன் பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையின் நெற்றியைத் தொடாமல் ரோசிலி திரும்பி வந்தாள். என் பக்கத்தில் நின்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் முறைப்படி போய் முத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். என்னை யாரும் மறிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் சாப்பிடுவதில்லை. முதல் பால் ஊற்றிக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன், இப்போது ஒளிக்காமலே ஊற்றுகிறேன், இரண்டு கரண்டிக்கு மேல் இறங்குவதில்லை. அவன் போய் நேற்று நாற்பத்தொன்றாம் நாள். காலையில் கம்மலையும் மோதிரத்தையும் கழற்றுவதைப் பார்த்தேன். மோதிரம் தானாகவே நழுவி வந்தது. கருவியில் ஏறினாள். எழுபத்துமூன்று. திரும்பி என்னைப் பார்த்து, "இப்ப எடுக்கலாம் இச்சாயா. டாக்டருக்குச் சொல்லுங்க" என்றாள். பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது.

உறவில் ஒருவர்கூட அவளிடம் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்திலும் கதை போய்விட்டது. அவளுக்கு இருப்பது நான் ஒருவன்தான். "நீங்க ஒருத்தராவது என்னை நம்புனீங்களே" என்று தினமும் சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எளிதில்லை. எழுந்து போகவும் முடிவதில்லை, கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்கிறாள்.

ஆகவே நீங்கள் வேலையை விட வேண்டாம். உங்கள் எண் சரி. யாருக்கு வேண்டுமானாலும் தைரியமாக எழுதிக் கொடுங்கள். சமைக்கிறவரை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். ரோசிலியிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் மனசாட்சி. சொன்னால், எதிரி தன் உடம்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு யாருமே இல்லாமல் போவார்கள். அதையும் யோசியுங்கள்.

டீயைக் குடிக்கவே இல்லையே நீங்கள். ஏன் சேட்டா, ஏன் என்று அப்போதிருந்து கேட்கிறீர்கள். பயம், மோளே. ஓர் ஆரோக்கியமான உடம்பைக் கீறுகிறார்களே என்ற பயம். டாக்டர் தன் சட்டை மேல் விரலால் காட்டினாரே, அன்றைக்கு வந்தது என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதற்கு முன்னாலேயே, அந்தச் சின்ன அறையில், பாதி கொடுத்தால் போதும் என்று அவர் சொன்ன நிமிஷமே வந்துவிட்டது.

லைசென்ஸ் எடுக்கும்போது பார்த்தது, சட்டைப் பையில்தான் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். என் ரத்தம் பி இல்லை. ஓ. எடை அறுபத்திரண்டு, ஈரலில் கொழுப்பு இருக்க வழியில்லை. ரோசிலியைக் கேட்பதற்கு முன்னால் என்னைத்தான் கேட்டார்கள். நான் பி என்று சொன்ன பிறகுதான் அவள் எழுந்து நின்றாள். அவளைக் கத்தியிலிருந்து காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அப்படித்தான் என் மேல் விழுந்தது.